இரவில்தான் படிப்பு ஏறுகிறது, விடிய எழும்ப முடியவில்லை. இது சோம்பலா?

வீட்டில் எல்லோரும் ஐந்து மணிக்கு எழும்புகிறார்கள், எனக்கு இரவு பத்துக்குப் பிறகுதான் படிப்பு ஏறுகிறது, அம்மா சோம்பேறி என்கிறார், எப்படி மாறுவது என்று கேட்டிருக்கிறீர்கள். உயர்தரம், அதாவது பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான சோதனைக்குப் படிப்பவராக இருப்பீர்கள், வீடும் எங்கள் பக்கமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வேறு கேள்வி என்றால் பேசாமல் போயிருப்பேன். சோம்பேறி என்ற சொல்லைப் பார்த்துவிட்டு அப்படிப் போக முடியவில்லை.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில். நான் உயர்தரம் எடுத்தது 1994இல். போரால் 1990இல் போன மின்சாரம் திரும்பி வராத காலம் அது, மண்ணெண்ணெயும் அரசாங்கத்தின் தடைக்குள். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில்தான் ஊரே படித்தது. எங்கள் வீட்டில் படிக்க இருந்த விளக்கு ஒன்று. அக்கா என்னைவிட ஒரு வயது மூத்தவர், அந்த வருடம் இரண்டாம் முறை சோதனை எடுக்க இருந்தார். அவர் எட்டரைக்கே படுத்து மூன்றரைக்கு எழும்புவார், நான் ஒரு மணிவரை இருப்பேன். அப்பா அளந்து விடும் எண்ணெய் இருவருக்கும் பொது.

ஒரு இரவு இரசாயனவியல் கணக்கு ஒன்று பிடிபட்டுவிட்டது, விட மனமில்லாமல் செய்துகொண்டே போனேன், விளக்கு தானாக அணைந்த பிறகுதான் எண்ணெய் முடிந்தது தெரிந்தது. அக்கா எழும்பிப் பார்த்திருக்கிறார். என்னை எழுப்பவில்லை, அப்பாவிடம் சொல்லவும் இல்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு விறாந்தையில் வெளிச்சம் வரும்வரை இருட்டுக்குள் இருந்திருக்கிறார். ஐந்து மணிக்கு அப்பா அதைக் கண்டார். என் பாயை இழுத்து, "அவளின்ர எண்ணெயையும் எரிச்சுப்போட்டு விடிஞ்சாப்பிறகும் கிடக்கிறாய், சோம்பேறி" என்றார். எண்ணெய்க்கு அவர் பேசியது நியாயம். இன்றுவரை அக்காவிடம் அதற்கு எனக்கு வெட்கம் உண்டு. ஆனால் நான் சோம்பலாகக் கிடந்து அந்த எண்ணெயை எரிக்கவில்லையே.

அன்றிலிருந்து ஒன்பது மணிக்குமேல் எனக்கு விளக்கு இல்லை. சோதனைவரை ஐந்து மாதம் நாலு மணிக்கு எழுப்பி இருத்தினார்கள். இருந்தேன். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு, எழுத்து ஒன்றும் உள்ளே போகாமல் இருந்தேன். ஒரு நாள் தூங்கி விழுந்து விளக்கில் முன்மயிர் கருகியது. பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அதே நாலு மணிக்கு எழும்பித்தான் எத்தனையோ பேர் டொக்டர் ஆனார்கள் என்று கீழே யாராவது எழுதுவீர்கள். ஆனார்கள், மறுக்கவில்லை, அக்காவும் அப்படிப் படித்துத்தான் ஆசிரியை ஆனார். நாலு மணியில் மூளை திறக்கிறவர்களுக்கு அது நல்ல நேரம். நான் சொல்வது திறக்காதவர்களைப் பற்றி.

அந்த நாலு மணிக்கு ஒரு புனிதமும் இல்லை என்று எனக்கு விளங்கியது 1996இல். போரால் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்திருந்து வீடு திரும்பிய கொஞ்ச நாளில், மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக அரசாங்கம் நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், மிச்ச அரை 2006 ஏப்ரலில்தான் வந்தது. புலிகளின் கையில் இருந்த வன்னியில் பழைய நேரம், இங்கே புது நேரம், யாரிடம் மணி கேட்டாலும் பழையதா புதியதா என்று சேர்த்துக் கேட்க வேண்டும். அப்பா சேவல் கூவும்போதே வழக்கம்போல எழும்பினார். முதல் நாலரை என்று காட்டிய மணிக்கூடு இப்போது ஐந்தரை என்றது. அவரை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. அவருடைய உடம்பு அரசாங்கத்தின் மணிக்கூட்டைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். என் உடம்பும் அப்படித்தானே?

பிறகு ஒரு பத்திரிகையில் பக்கம் கட்டும் வேலைக்குப் போனேன். கடைசிப் பக்கம் அச்சுக்குப் போக நடுச்சாமம் தாண்டும். முதன்முறையாக என் விழிப்புக்குச் சம்பளம் தந்தார்கள். விடிய எழும்பித் தேத்தண்ணியோடு பேப்பர் விரிக்கிறவருக்கும், ஆறு மணிக்குச் சுடச்சுட ரோஸ் பாண் வாங்குகிறவருக்கும், யாரோ இரவு முழுக்க விழித்திருக்கிறார்கள். இதைச் சொல்ல எனக்குப் பெருமைதான்.

2017 ஒக்டோபரில் ஒரு இரவு மருத்துவ நோபல் செய்தியை நான்தான் பக்கத்தில் வைத்தேன். ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்ற மூன்று அமெரிக்கர்கள். உயிருக்குள் ஓடும் மணிக்கூட்டைப் பழ ஈயில் பிடித்தவர்கள். ஒரு மரபணு செய்யும் புரதம் இரவில் கலத்துக்குள் சேர்ந்து, பகலில் கரைந்து, தன்னைத் தானே நிறுத்தித் தொடங்குகிறது, கிட்டத்தட்ட 24 மணித்தியாலத்துக்கு ஒரு சுற்று. மனிதருக்குள்ளும் அதே ஏற்பாடு, ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்பின். பதின்ம வயதில் அது பெரும்பாலானவர்களுக்குப் பின்னால் தள்ளிப்போகும். அப்பா காலமை அந்தப் பக்கத்தை முழுக்க வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து என் அறைக்குப் பக்கத்தில் ரேடியோவைக் குறைத்து வைத்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இலேயே பெரிய வகுப்புப் பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்க வேண்டாம் என்றது. நம்மிடம் பள்ளிக்கூடம் ஏழரைக்கு, அதற்கு முன்னால் ஆறு மணிக்கு டியூசன். மழை இருட்டில் பிள்ளைகள் கொட்டாவி விட்டபடி சைக்கிள் மிதித்துப் போவதை, வேலை முடிந்து தாமதமாக வீடு திரும்பும் நாட்களில் பார்க்கிறேன். வாகனத்துக்கு லைட் கூடச் சரியாக இருக்காது. பிறகு கோயில் ஒலிபெருக்கி. நான் சைவன், மார்கழியில் சங்கும் சேமக்கலமுமாகத் திருவெம்பாவை பாடி வருகிறவர்களுக்கு வாசல் திறந்து நிற்பவன். அந்தச் சத்தம் வேறு. குழாய் கட்டி நாலரைக்கு ஊர் முழுக்க சினிமா மெட்டில் பக்திப் பாட்டுப் போடுவதை எந்த ஆகமம் சொன்னது? நோயாளி இருக்கும் வீடும், இரவு வேலை பார்த்தவன் வீடும் அந்த ஊரில்தானே இருக்கின்றன.

சரி, உங்கள் விஷயம். பத்துக்குப் பிறகு உண்மையாகவே படிக்கிறீர்களா, போன் பார்க்கிறீர்களா? போன் என்றால் நான் எழுதிய எதுவும் உங்களுக்குப் பொருந்தாது, அம்மா சொல்வதைக் கேளுங்கள். உண்மையாகப் படிப்பவர் என்றால் இப்போதைக்கு இரவிலேயே படியுங்கள், எட்டு மணித்தியாலம் நித்திரையை மட்டும் விடாதீர்கள். ஆனால் சோதனை காலையிலும் வைப்பார்கள். அதனால் ஒரு மாதம் இருக்கும்போது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணித்தியாலமாக முன்னே நகருங்கள், ஒரேயடியாக நாலு மணி வேண்டாம். எழும்பிய உடனே முற்றத்துக்கு வந்து வெயில் முகத்தில் பட நில்லுங்கள், அந்த மணிக்கூட்டைத் திருப்பும் சாவி வெளிச்சம்தான். ஞாயிறும் அதே நேரம்தான், ஒரு நாள் விட்டால் பழையபடி போய்விடும். போன் சார்ஜரைக் குசினியில் குத்துங்கள்.