இயற்கை முறை நெல்லுக்கு லேசர், சாட்டிலைட் எல்லாம் வேண்டுமா? தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப்பயிரை மடக்கி உழுதால் போதாதா?

எனக்கு மன்னார்குடிப் பக்கம் ஐந்து ஏக்கர். ஒன்பது வருஷமாக உரக்கடைப் படி மிதித்ததில்லை. சம்பாவுக்குத் தூயமல்லி, அறுத்த கையோடு உளுந்து.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் அமெரிக்க வீடியோ ஒன்றைப் பார்த்திருக்கிறார். ரை என்ற தானியப் பயிரை இரும்பு உருளையால் நசுக்கிப் படுக்க வைத்து, அதே ஓட்டத்தில் சோயா விதைக்கிறார்கள். அது நம் வயலுக்கு ஆகாது. அங்கே மூடுபயிர் மண்மேல் பாயாகக் கிடந்து களையை அமுக்குகிறது. நம்மிடம் அந்த வேலையைப் பார்ப்பது தண்ணீர். தக்கைப்பூண்டு சேற்றுக்குள் போய் எருவாகிறது. களைக்கொல்லி அடிக்காதவனுக்கு வயல் மட்டம்தான் களைக்கொல்லி. மேட்டில் தண்ணீர் நிற்காது, குதிரைவாலிப் புல்லும் கோரையும் அங்கேதான் தலை தூக்கும். பள்ளத்திலோ நட்ட நாற்று முங்கிப் போகும்.

அதனால் நான் முதலில் செலவழித்தது வயலை மட்டமாக்கும் லேசர் லெவலருக்கு. உளுந்து எடுத்த பிறகு, வயல் காய்ந்து கிடக்கும்போது உழுதுவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். வரப்போரம் முக்காலியில் ஒரு விளக்கு சுற்றும். டிராக்டருக்குப் பின்னால் இழுபடும் வாளியின் கம்பத்தில் அதைப் பிடிக்கிற கண் இருக்கும். மேடு வந்தால் வாளி தானே இறங்கிச் சுரண்டும், பள்ளம் வந்தால் ஏறி மண்ணை விடும். "பரம்படிச்சு வராத மட்டம் லைட்டு அடிச்சா வந்துடுமாடா?" என்றார் சித்தப்பா. சாயங்காலம் தண்ணீர் கட்டிப் பார்த்தோம். முன்பு ஒரு மூலை நனையவே அரை நாள் ஆகும் துண்டு அது. மடையிலிருந்து கடைசி வரப்பு வரை ஒரே கண்ணாடியாக நின்றது. அவர் ஒன்றும் சொல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் போய் நின்று கணுக்காலைப் பார்த்தார்.

இதுவரை நன்றாகத்தான் போனது. ஜூலையில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு தெளித்தேன். முப்பதாம் நாள் பார்த்தால் மேற்குப் பாதியில் இடுப்புக்கு மேல், கிழக்கில் ஒரு மா (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) அளவுக்கு முழங்கால்கூட இல்லை. விஷயம் எளிது: மேட்டைச் சுரண்டியபோது மேல்மண் முழுக்கப் பள்ளத்துக்குப் போய்விட்டது, அடியிலிருந்த களியும் சுக்கான் (சுண்ணாம்பு) கட்டியும் வெளியே வந்துவிட்டன. லேசர் வண்டி ஓட்ட வந்தவர் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த வருஷம் நெல்லும் அதையே சொன்னது. கிழக்கே தூர் கட்டவில்லை. மேற்கே கருகருவென்று கொழுத்துக் குலைநோய் பிடித்து, தை பிறக்குமுன்பே படுத்துவிட்டது. வயல் மட்டமாகிவிட்டது, சத்து மட்டமாகவில்லை.

இங்கேதான் சாட்டிலைட் உதவியது, ஆனால் நெல்லுக்கு இல்லை. ஐரோப்பியர்களின் சென்டினல்-2 சாட்டிலைட் படங்கள் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்து நாளுக்கு ஒருமுறை எடுக்கப்படும் படம். ஒரு புள்ளி என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு ஏக்கருக்குச் சுமார் நாற்பது புள்ளி. வரப்பில் விழுகிற புள்ளிகளைக் கழித்தால் இருபத்தைந்து தேறும். சம்பா நெல் வளர்கிற ஐப்பசி, கார்த்திகையில் எடுத்த படத்தில் மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. தக்கைப்பூண்டு நிற்கிற ஆடி, ஆவணியில் அவ்வப்போது வானம் திறக்கும். அப்போது எடுத்த பச்சை வரைபடம் (பயிர் எங்கே எவ்வளவு பசுமை என்று காட்டுவது, என்.டி.வி.ஐ. என்பார்கள்) மண்ணின் ஜாதகம் மாதிரி. யூரியா பூசி மறைக்காத பயிர் என்பதால் எங்கே மண் இளைத்திருக்கிறது என்பதை அப்படியே காட்டிக்கொடுக்கும்.

மறு வருஷம் அந்தப் படத்தை வைத்து வயலை மூன்றாகப் பிரித்து, மூங்கில் குச்சியில் பழைய சேலைத் துணி கட்டி நட்டேன். மண் இளைத்த சிவப்புத் துணிப் பக்கம் ஏக்கர் கணக்குக்கு 30 கிலோ விதையும் தொழுவுரமும். நடுவில் வழக்கமான 20. கொழுத்த பக்கம் 10 கிலோதான். வெளிநாட்டில் இதற்குத் தனி விதைப்பு இயந்திரம் இருக்கிறது. எங்களுக்கு மூன்று வாளியும் அம்மாவின் கையும் போதுமாக இருந்தது.

மடக்குவதில் தாமதம் வேண்டாம். நாற்பத்தைந்தாம் நாள், பூ தலை காட்டும் சமயம் சரியானது. ஒரு வருஷம் டிராக்டர் கிடைக்காமல் அறுபது நாள் விட்டுவிட்டேன். தண்டு விறகாகிவிட்டது, ரோட்டவேட்டரில் சுற்றிக்கொண்டது. அந்த அவசரத்தில் மூன்றாம் நாளே நடவும் போட்டேன். கால் வைத்த இடமெல்லாம் குமிழி, அழுகிய முட்டை வாடை. நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுப்பு. தண்ணீரை வடித்து வயலை இரண்டு நாள் காயவிட்ட பிறகுதான் புது வேர் வெள்ளையாக வந்தது. மடக்கிப் பத்து நாளாவது விடுங்கள்.

நட்ட பிறகு 25 சென்டிமீட்டர் இடைவெளி, பத்து நாளுக்கு ஒருமுறை கோனோவீடர் (கையால் தள்ளிக் களையெடுக்கும் கருவி). மட்டமான வயலில் மெல்லிய தண்ணீரில் அது வழுக்கிக்கொண்டு ஓடும். மேடு பள்ளத்தில் தள்ளினால் இடுப்பு விட்டுப் போகும். ட்ரோனில் தெளிப்பது பற்றியும் கேட்டிருந்தார். பஞ்சகவ்யாவை நன்றாக வடிகட்டாவிட்டால் முனை அடைத்துக்கொள்ளும். நான் கைத்தெளிப்பானோடு நிறுத்திக்கொண்டேன்.

செலவுக் கணக்கில் லேசர்தான் பெரியது, அதுவும் வாடகைதான். சேற்றுழவு போட்டுக்கொண்டே இருந்தால் சில வருஷத்தில் மட்டம் மறுபடி கலையும். அப்போது லேசாகத் தட்டினால் போதும். தக்கைப்பூண்டு விதைக்குத் தமிழக அரசின் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் 2024-ல் மானியம் அறிவித்தார்கள். உங்கள் வேளாண் விரிவாக்க மையத்தில் இருப்பு இருக்கிறதா என்று ஆனி மாதமே கேட்டு வையுங்கள்.

படத்தை நம்பி எரு கொட்டுமுன் ஒரு தடவை வயலில் போய் நின்று பாருங்கள். மோட்டார் கொட்டகையை ஒட்டி ஒரு புள்ளி இரண்டு வருஷமாக வெளுத்தே இருந்தது. இரண்டு வண்டிச் சாணி கொட்டினேன், அசையவில்லை. பக்கத்துச் சிமெண்டுத் தொட்டியும் கொட்டகையின் தகரக் கூரையும் அந்தப் புள்ளிக்குள் பாதி விழுகிறது என்பதைக் கண்டுபிடித்தது பத்தாவது படிக்கிற என் மகள்.