அரை நிமிடத்தில் திட்டம் ரெடி, அப்புறம் நான் எதற்கு?

கேள்வி: எங்கள் அலுவலகத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் பல நாள் மண்டையைக் குடைந்துகொண்டு போட்ட திட்டத்தை ஏஐ அரை நிமிடத்தில் போட்டுவிட்டது. ஆனால் சம்பளக் கணக்கு ஓடும் நாளில் சர்வரைக் கழற்றச் சொல்கிறது! அது நம்மைப் போலத்தான் யோசிக்கிறதா? நான் இனி எதற்கு? – ஒரு வாசகி

பதில்: சம்பளம் போடும் தேதியை நீங்கள் அதற்குச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றியிருக்காது, அங்கே வேலை பார்க்கும் எல்லோருக்கும் அது தெரியுமே! நீங்கள் கேட்கும் வித்தியாசத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது.

மனிதனுக்கு உள்ளுணர்வு, இயந்திரத்துக்குக் கணக்கு என்று பிரிப்பார்கள். ஒரு காலத்தில் அது சரி. 1997-இல் உலக சாம்பியன் காஸ்பரோவைச் செஸ்ஸில் தோற்கடித்த ஐபிஎம் கணினி டீப் ப்ளூ, பலகையில் காய்கள் நிற்கக்கூடிய நிலைகளை நொடிக்குச் சுமார் 20 கோடி என்ற கணக்கில் அலசியது. மனிதர்கள் அப்படி ஆடுவதில்லை. டச்சு உளவியலாளர் அட்ரியான் டி க்ரூட், ஆட்டக்காரர்களை வாய்விட்டு யோசிக்கச் சொல்லிக் கவனித்தார். பெரிய ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிட அதிகமான நகர்த்தல்களை அலசவில்லை. உருப்படியான சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், மற்றதெல்லாம் அவர்கள் கண்ணிலேயே படவில்லை. ஆனால் 2017-இல் வந்த ஆல்ஃபாஸீரோ என்ற ஏஐயும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தது. நொடிக்கு 80,000 நிலைகளை மட்டும் பார்த்துக்கொண்டு, 7 கோடி பார்த்த ஸ்டாக்ஃபிஷ் மென்பொருளை வென்றது. ஆக, எதை விடலாம் என்று இயந்திரமும் கற்றுக்கொள்கிறது.

ஆனால் செஸ்ஸில் எல்லாமே பலகையில் இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் அப்படியா? நீங்கள் பேசிய ஏஐ, மனிதர்கள் எழுதிக் குவித்ததிலிருந்து கற்றது. அலுவலகம் மாற்றும் திட்டம் என்றால் பொதுவாக எப்படி இருக்கும் என்பது அதற்கு அத்துப்படி. உங்கள் அலுவலகம் எப்படி இருக்கும் என்பது நீங்கள் சொன்ன அளவுக்குத்தான் தெரியும். விடுபட்டதை அதுவாக யூகித்து நிரப்பிவிடும், அதுவும் படுசரளமாக. இந்தச் சரளம்தான் ஆளை ஏமாற்றுகிறது.

நாமும் யோக்கியமில்லை. வேலை எவ்வளவு நாள் இழுக்கும் என்பதை எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறோம். உளவியலாளர்கள் கானமன், ட்வெர்ஸ்கி இருவரும் 1979-லேயே இதை எழுதிவிட்டார்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று கற்பனை செய்துதான் தேதி குறிக்கிறோம்.

அதனால் வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் நீங்களே ஒரு கரடுமுரடான திட்டம் எழுதுங்கள். ஏஐயின் திட்டத்தை முதலில் பார்த்துவிட்டால் அதைத் திருத்தத்தான் தோன்றும், புதிதாக ஒன்றும் தோன்றாது. அப்புறம் உங்களுடையதைக் கொடுத்து, “இதைச் சரிபார்க்க என்னிடம் என்னென்ன கேட்க வேண்டும்?” என்று கேளுங்கள். பதில் சொல்லும்போதுதான் உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது உங்களுக்கே தெரியவரும். கால அளவுக்கு உங்கள் ஊகத்தைக் கொடுக்காதீர்கள். இதுபோன்ற பழைய வேலைகள் உண்மையில் எத்தனை நாள் இழுத்தன என்ற கணக்கைக் கொடுங்கள்.