"வயசே தெரியலைக்கா" – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எனக்கு 47 வயது. பத்து வருடமாகத் தலைக்குச் சாயம் பூசுகிறேன். நிறுத்திவிடலாமா என்று யோசனை. உள்ளுக்குள் இன்னும் 35 என்றுதான் இருக்கிறது. கண்ணாடியில் மட்டும் என் அம்மா நிற்கிறாள். போன வாரம் புதிதாக அறிமுகமான ஒரு பெண், "உங்களுக்கு வயசே தெரியலைக்கா" என்றாள். பகல் முழுக்க மிதந்தேன், இரவில் அழுதேன். தூக்கமும் இல்லை. திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது, எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். என் குணமே கெட்டுவிட்டது. சாயத்தை என்ன செய்யட்டும்?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் தலை, உங்கள் இஷ்டம். பூசினால் அடிமை, விட்டால் போராளி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உள்ளே 35 என்பதும் பயப்படும் விஷயமில்லை. 2006-ல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வில், நாற்பதைத் தாண்டியவர்கள் சராசரியாகத் தங்கள் வயதைவிட 20 சதவீதம் இளமையாக உணர்வதாகச் சொன்னார்கள். அந்தக் கணக்கில் உங்களுக்கு 38 வரவேண்டும். 35 கொஞ்சம் பேராசை.

திட்டவேண்டியது வேறு. உடம்பு கொதிப்பதைக் குணக்கேடு என்று எழுதுகிறீர்களே! பெரும்பாலான பெண்களுக்கு 45-க்கும் 55-க்கும் நடுவில் மாதவிடாய் நிற்கும். அதற்குச் சில வருடம் முன்பே ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் ஏறி இறங்க ஆரம்பித்துவிடும். மூளையில் உடல் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் இடம் அதில் தடுமாறும். நடுராத்திரி வியர்த்து எழுந்தவளுக்குப் பகலில் கோபம் வராமல் என்ன வரும்? டாக்டரிடம் போங்கள். தைராய்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

என்னை எழுதவைத்தது அந்த "வயசே தெரியலை". நானும் வருடக்கணக்காக அதைக் கேட்டுப் பல்லைக் காட்டியிருக்கிறேன். "பார்த்தால் படித்தவர் மாதிரியே தெரியலை" என்றால் சண்டைக்குப் போவோம். வயது தெரியாவிட்டால் மட்டும் நன்றி சொல்கிறோம். 35-க்குப் பிறகு நீங்கள் வாழ்ந்த 12 வருடமும் முகத்தில் எங்கேயும் படவில்லை என்பதா பாராட்டு? பாராட்டே இல்லை அம்மா, அது கடன். அடுத்த வருடமும் தெரியக்கூடாது, அதற்கடுத்த வருடமும். இரவில் அழுதீர்களே, அது முதல் வட்டி. ஆண் நரைத்தால் பக்குவம், பெண் நரைத்தால் கதை முடிந்தது என்கிற இரட்டை அளவுகோலை 1972-லேயே அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் போட்டு உடைத்தார். உடைந்த மாதிரி தெரியவில்லை. ஏனென்றால் என்னிடம் "வயசே தெரியலை" சொன்னவர்களில் ஆண்கள் குறைவு. நாமேதான் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம்.

கண்ணாடியில் அம்மா நிற்பதாகக் குறைப்பட்டிருந்தீர்கள். என் அம்மாவுக்கு 44 வயதில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போயிற்று. நாற்பதுக்கு மேல் கண்ணின் லென்ஸ் விறைத்துப்போவது எல்லோருக்கும் நடப்பதுதான். அம்மா பழியை பல்பின் மேல் போட்டாள். நாற்பது வாட் அறுபதானது, அறுபது நூறானது. கோத்துத் தருகிறேன் என்று நான் கிட்டே போனால், "உன் நிழல்தான் விழுது, தள்ளி நில்லு" என்பாள். இரண்டு வருடம் இப்படியே. ஒருவழியாக மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்ட அன்று ராத்திரி, ஒரே முயற்சியில் நூலைக் கோத்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள்.

"யாருடி இவ்வளவு பெரிய பல்பை மாட்டினது? கண்ணு கூசுது. பழைய அறுபதையே போடு."