வெளிநாட்டு ஆய்வு நிதி: அனுமதிக்குப் பிறகே பணம்

கேள்வி: ஏத்தாப்பூர் பக்கம் மரவள்ளி விவசாயிகள் சேர்ந்து இரண்டு வருடம் முன்பு அறக்கட்டளை தொடங்கினோம். தேமல் நோய் இல்லாத கரணை (நடவுக்கான தண்டுத் துண்டு) உருவாக்கும் ஆய்வுக்கு ஜெர்மனி அறக்கட்டளை ஒன்று நிதி தருகிறேன் என்கிறது. சென்னைத் தொண்டு நிறுவனம் ஒன்று தன் கணக்கில் வாங்கி எங்களுக்கு மாற்றித் தருவதாகச் சொல்கிறது. அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனரும் உதவத் தயார். எப்படி வாங்குவது?

பதில்: சென்னை யோசனையை முதலில் விடுங்கள். வெளிநாட்டு நிதியை ஒழுங்குபடுத்தும் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, அதில் பதிவுள்ள அமைப்பு வெளிநாட்டு நிதியை வாங்கி இன்னொருவருக்குக் கைமாற்றவே கூடாது. மாட்டினால் இரண்டு பேருக்கும் சிக்கல்.

நீங்களே பதிவு செய்யலாம் என்றால், மூன்று வருடம் இயங்கி, அதில் 15 லட்சம் ரூபாயாவது நோக்கப் பணிகளுக்குச் செலவழித்திருக்க வேண்டும். எனவே இப்போதைக்கு முன்அனுமதிதான் வழி. இன்னாரிடம், இவ்வளவு தொகை, இந்த வேலைக்கு என்று உள்துறை அமைச்சகம் தருவது அது. எஃப்.சி.-3பி படிவம், ஜெர்மானியரின் உறுதிக்கடிதம், திட்ட அறிக்கை, டெல்லி நாடாளுமன்றச் சாலை எஸ்.பி.ஐ. கிளையில் தனிக் கணக்கு, இவ்வளவும் வேண்டும். அனுமதி வரும்வரை ஒரு பைசா வாங்காதீர்கள். அவர்கள் ரூபாயாகவே தந்தாலும் அது வெளிநாட்டு நிதிதான்.

திட்ட அறிக்கையில் உங்கள் ஊர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தின் ஒப்புதல் கடிதத்தை இணைத்துவிடுங்கள். மாவுப்பூச்சியை ஒடுக்க 2022இல் அங்கே விட்ட ஒட்டுண்ணிக் குளவி ஞாபகம் இருக்கும். அது பெனின் நாட்டிலுள்ள ஐ.ஐ.டி.ஏ. (சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிறுவனம்) மையத்திலிருந்து பெங்களூரு மத்திய அரசு நிறுவனம் வழியாக வந்தது. ஐ.ஐ.டி.ஏ.வோ, ஃபோர்டு, ராக்பெல்லர் அறக்கட்டளைகளின் ஆதரவோடு 1967இல் நைஜீரியாவில் தொடங்கியது. லாப நோக்கமில்லாத பணம் கண்டம் தாண்டி நம் வயலுக்கு வந்த கதை இது. நிதி தருபவர்களுக்கு இதைத் தாராளமாக எழுதலாம். கைமாற்றக் கூடாது என்பதால், நிலையத்துக்கு நிதியைப் பிரித்துத் தருவதாக மட்டும் எழுதாதீர்கள்.

நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆய்வே முதன்மைப் பணியான அமைப்புக்கு, வயல் விவரம் சேகரிப்பவர், அலசுபவர் சம்பளம் அதில் சேராது. அதனால் தனித் தலைப்பில் காட்டுங்கள்.

அப்புறம் மைத்துனர். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் எஃப்.சி.ஆர்.ஏ. குறுக்கே வராது, பாஸ்போர்ட் நகலைக் கோப்பில் வையுங்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தால், ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும், அவரிடம் வாங்கவும் நீங்கள் முன்அனுமதி பெற வேண்டும்.