100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருந்தும் ஆன்லைன் கேம் ஏன் இழுக்கிறது? கணினியிலும் ரவுட்டரிலும் எதை மாற்றலாம்?

கேட்டவர் கொடுத்த விவரம் இது: 100 எம்பிபிஎஸ் ஃபைபர், வைஃபை, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டு, ஆடுவது வேலரண்ட் என்ற துப்பாக்கிச் சுடும் கேம். காலையில் பிங் (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், மில்லிசெகண்டில்) 30. இரவு எட்டு மணிக்கு மேல் 180, 200 என்று எகிறுகிறது. நடுநடுவே படமும் வெட்டி வெட்டிப் போகிறது. ஸ்பீட் டெஸ்ட் போட்டால் மட்டும் முழு 100ம் வருகிறது.

ஸ்பீட் டெஸ்ட்டை முதலில் ஓரமாக வையுங்கள். இந்த வகை கேம்கள் நெட்டை அதிகம் தின்பதில்லை, யூடியூப் வீடியோவை விடக் குறைவாகவே தின்னும். ஆனால் நொடிக்குப் பல டஜன் சின்னச் சின்ன பாக்கெட்டுகள் (தகவல் துண்டுகள்) போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸை 300 ஆக்கினாலும் இந்த நேரக்கணக்கு மாறாது.

அடுத்து, உங்கள் கேள்வியில் இரண்டு வியாதி ஒன்றாகக் கலந்திருக்கிறது. பிங் எகிறுவது நெட்டின் கோளாறு. படம் வெட்டுவது பெரும்பாலும் கணினியின் கோளாறு. இரண்டையும் ‘லேக்’ என்று ஒரே பெயரில் கூப்பிடுவதால்தான் கிராபிக்ஸ் கார்டு டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டும் பிங் குறையவில்லை என்று பலர் நொந்துபோகிறார்கள். பிரித்துப் பார்ப்பது எளிது. வேலரண்ட் செட்டிங்ஸில் வீடியோ, அதில் ஸ்டாட்ஸ் பகுதிக்குப் போய் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்), நெட்வொர்க் ரவுண்ட் ட்ரிப் டைம் (பிங்தான்), பாக்கெட் லாஸ் (வழியில் தொலையும் பாக்கெட்) மூன்றையும் கிராஃபோடு காட்டும்படி வையுங்கள். வெட்டும் நொடியில் எந்தக் கோடு துள்ளுகிறது என்று பாருங்கள். கிராஃப் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம்: எதிரி ஒரு இடத்தில் மறைந்து இன்னொரு இடத்தில் முளைக்கிறான், ஆனால் மவுஸைத் திருப்பினால் உங்கள் பார்வை வழுக்கிக்கொண்டு திரும்புகிறது என்றால் நெட். மவுஸைத் திருப்பும்போதே பார்வை தடுக்கித் தடுக்கித் திரும்பினால் கணினி.

நெட் பக்கம்தான் என்று தெரிந்தால், கமாண்ட் பிராம்ப்ட்டை இரண்டு ஜன்னலாகத் திறந்து, இரண்டிலும் நிற்காமல் பிங் ஓடவிடுங்கள் (ping 8.8.8.8 -t என்பதுபோல, கட்டளையின் கடைசியில் சிறு கோடும் டி எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும் வரை ஓடும்). ஒன்று உங்கள் ரவுட்டருக்கு, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. இன்னொன்று வெளியே, கூகுளின் 8.8.8.8. பத்து நிமிடம் ஆடிவிட்டு வந்து பாருங்கள். ரவுட்டருக்குப் போகும் பிங், கேபிளில் 1 மில்லிசெகண்டைத் தாண்டக் கூடாது. வைஃபையில் 2 முதல் 5 வரை இருந்தால் சரி. அதிலேயே நடுநடுவே 80, 150 தெரிந்தால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, நெட் கம்பெனிக்குப் போன் போட்டுப் பயனில்லை. ரவுட்டர் பிங் அமைதியாக இருந்து 8.8.8.8 மட்டும் குதித்தால் ஒன்று உங்கள் லைன் நிரம்பி வழிகிறது, அல்லது அதற்கு வெளியே கோளாறு.

வைஃபைக்கு மருந்து லேன் கேபிள். சாதாரண கேட் 5இ போதும், 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். கேட் 8, தங்க முலாம், ‘கேமிங் கேபிள்’ என்று விற்பதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். கேபிள் இழுக்கவே வழியில்லை என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டை மட்டும் பிடியுங்கள். ரவுட்டரில் இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் பிரித்து வேறு வேறு பெயர் வையுங்கள், இல்லாவிட்டால் லேப்டாப் தன் இஷ்டத்துக்கு 2.4க்குத் தாவும். சேனலை ‘ஆட்டோ’வில் விடாமல் 36 முதல் 48 வரை அல்லது 149 முதல் 161 வரை உள்ளதில் ஒன்றில் நிறுத்துங்கள். நடுவிலுள்ள 52 முதல் 144 வரை ரேடாருடன் பங்கிட்டுக்கொள்ளும் சேனல்கள். ரேடார் போல ஏதாவது காதில் விழுந்தால் ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு ஓட வேண்டும் என்பது விதி, அந்த ஓட்டத்தில் உங்கள் மேட்ச் அறுந்துவிடும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் சேனல் அகலத்தை 80இலிருந்து 40க்குக் குறைத்துப் பார்க்கலாம். வேகம் குறையும், பக்கத்து வீட்டுடன் மோதுவதும் குறையும்.

விண்டோஸ் பக்கம் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் தாவலில் மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். அட்வான்ஸ்டு தாவலில் ரோமிங் அக்ரசிவ்னெஸ் இருந்தால் ஆகக் குறைந்ததில் வையுங்கள். இது கூடுதலாக இருந்தால் அடாப்டர் வேறு நல்ல சிக்னல் கிடைக்குமா என்று அடிக்கடி தேடப் போகும், தேடும் நேரத்தில் உங்கள் பாக்கெட் காத்திருக்கும். மணி அடித்தாற்போல் ஒரே இடைவெளியில் பிங் குதித்தால் பெரும்பாலும் இந்தத் தேடல்தான்.

இனி இரவு எட்டு மணி விவகாரம். உங்கள் வீட்டில் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது? எல்லோரும் வீடு திரும்பியிருப்பார்கள், போன்கள் வைஃபையில் சேர்ந்ததும் அன்றைய போட்டோக்களையும் வீடியோக்களையும் கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பிக்கும். பதிவிறக்கத்தை விட அப்லோட் நிரம்புவதுதான் கேமுக்கு எமன், ஏனென்றால் பல பிளான்களில் அப்லோட் சிறியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்லோட் 40 எம்பிபிஎஸ், ரவுட்டரின் வரிசையில் 1 மெகாபைட் தேங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1 மெகாபைட் என்றால் 8 மெகாபிட். அது வெளியேற 8ஐ 40ஆல் வகுத்தால் 0.2 நொடி, அதாவது 200 மில்லிசெகண்ட். நூற்றுச் சொச்சம் பைட் உள்ள உங்கள் துப்பாக்கிச் சூடு அந்த வரிசையின் வாலில் நிற்கிறது. பெட்ரோல் பங்கில் நாற்பது லாரிக்குப் பின்னால் அரை லிட்டர் போட வந்த டிவிஎஸ் ஃபிஃப்டி மாதிரி. இதற்குப் பெயர் பஃபர்ப்ளோட். ஸ்பீட் டெஸ்ட்டில் இது தெரியாததற்குக் காரணம், அது பெரும்பாலும் லைன் காலியாக இருக்கும்போது எடுத்த பிங்கைத்தான் முதலில் காட்டும். சோதிக்க வேண்டுமா? 8.8.8.8 பிங் ஓடிக்கொண்டிருக்கும்போது போனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை டிரைவில் ஏற்றுங்கள். 30 என்பது 200 ஆகி, ஏற்றம் முடிந்ததும் மறுபடி 30க்கு இறங்கினால் நோய் உறுதி.

தீர்வு, வரிசையை ரவுட்டரே ஒழுங்குபடுத்துவது. இந்த வசதியை எஸ்க்யூஎம் (SQM) என்று தேடுங்கள். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளைப் போட முடிந்த ரவுட்டர்களில் இது கிடைக்கும், ‘கேக்’ அல்லது ‘எஃப்க்யூ கோடெல்’ என்ற பெயரில் வேலை செய்யும். முக்கியமான ஒரு செட்டிங்: வேகத்தை உண்மையில் கிடைப்பதை விட 5 முதல் 15 சதவீதம் குறைத்துக் கொடுக்க வேண்டும். 100 வருகிற இடத்தில் 90, 40 அப்லோடுக்கு 36. கிலோபிட் கணக்கில் கேட்டால் 90000, 36000. 100ஐயே போட்டுவிட்டால் நெரிசல் உங்கள் ரவுட்டரை விட்டு நெட் கம்பெனியின் பெட்டிக்குப் போய்விடும், அங்கே இந்த ஒழுங்கு செல்லாது. ஹார்டுவேர் ஆஃப்லோட் என்ற வசதி இயங்கினால் அணையுங்கள், அது பாக்கெட்டுகளை எஸ்க்யூஎம்மின் கண்ணில் படாமல் கடத்திவிடும். பழைய மலிவு ரவுட்டரின் பிராசசர் 300 எம்பிபிஎஸ் லைனை இப்படி அலச முடியாமல் திணறும், 100க்குச் சமாளிக்கும் ரவுட்டர்கள் நிறைய உண்டு. நெட் கம்பெனி கொடுத்த பெட்டியைப் பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு லைனை மட்டும் கடத்தும் நிலை) வைத்து உங்கள் ரவுட்டரை அதன் பின்னால் மாட்டுவது இதற்குச் சுத்தமான வழி.

புது ரவுட்டர் வாங்கும் எண்ணம் இல்லையா? ஏற்றுகிறவர்களைக் கட்டுப்படுத்துங்கள். போன்களில் போட்டோ பேக்கப்பை கேம் நேரத்தில் நிறுத்தி வைக்கலாம். ஒன்டிரைவிலும் கூகுள் டிரைவ் கணினிச் செயலியிலும் அப்லோட் வேகத்துக்கு வரம்பு வைக்க இடம் இருக்கிறது. விண்டோஸ் அப்டேட்டில் டெலிவரி ஆப்டிமைசேஷன் பகுதியில், மற்ற கணினிகளோடு அப்டேட்டைப் பகிரும் வசதியை அணையுங்கள். கிளவுடில் பதியும் சிசிடிவி கேமரா இருந்தால் அதையும் மறக்காதீர்கள், அது இருபத்து நான்கு மணி நேரமும் ஏற்றிக்கொண்டே இருக்கலாம்.

இனி கணினி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிய பலர் அதை 60இலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் 144ஐத் தேர்ந்தெடுத்தீர்களா என்று இப்போதே பாருங்கள். 60இல் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், 144இல் 6.9. இந்த ஒரு மாற்றம் பத்து மில்லிசெகண்ட் பிங் குறைந்ததை விடக் கைக்குத் தெரியும். கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா என்பதையும் பின்னால் எட்டிப் பார்த்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம், அடிக்கடி நடக்கிற தவறு.

வேலரண்ட் கிராபிக்ஸ் கார்டை விட பிராசசரையும் ரேமையும் நம்பும் கேம். 3200 என்று எழுதிய ரேம், பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) போடாவிட்டால் 2133இலோ 2400இலோ 2666இலோதான் ஓடும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகம் தெரியும். ஒற்றை 16 ஜிபி குச்சியை விட இரண்டு 8 ஜிபி நல்லது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள், பெரும்பாலான போர்டுகளின் கையேடு அப்படித்தான் சொல்லும். பிறகு எக்ஸ்பாக்ஸ் கேம் பாரின் பின்னணிப் பதிவை அணைப்பது, வி-சிங்க்கை (ஃபிரேமை மானிட்டருக்காகக் காக்கவைக்கும் வசதி) அணைப்பது, என்விடியா கார்டு என்றால் கேமிலேயே ரிஃப்ளெக்ஸை (தாமதம் குறைக்கும் வசதி) ஆன் செய்வது. எஃப்பிஎஸ் 250க்கும் 90க்கும் நடுவே ஊசலாடினால் நிலையாகப் பிடிக்கக்கூடிய ஒரு எண்ணில் கட்டிப்போடுங்கள். ஜி-சிங்க் (மானிட்டரே கார்டின் வேகத்துக்கு ஒத்துப்போகும் வசதி) வைத்திருந்தால் 144க்குச் சற்றுக் கீழே, 138 சரியாக இருக்கும். லேப்டாப்காரர்கள் சார்ஜர் செருகாமல் ஆட வேண்டாம். தொடங்கி பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி அதன்பின் வெட்ட ஆரம்பித்தால் பெரும்பாலும் சூடுதான் காரணம், செட்டிங்கை மாற்றினால் மட்டும் தீராது. ஃபேனில் அடைந்த தூசியை எடுங்கள்.

கேமுக்குள்ளேயே நெட்வொர்க் பஃபரிங் என்று ஒன்று இருக்கும். லைன் சுத்தமாக இருந்தால் மினிமம். பாக்கெட் லாஸ் இருக்கும் நாளில் ஒரு படி ஏற்றினால் எதிரிகள் துள்ளுவது குறையும், பதிலுக்குச் சிறிது தாமதம் கூடும்.

செய்யத் தேவையில்லாதவை: டிஎன்எஸ் மாற்றுவது மேட்சுக்குள் பிங்கைக் குறைக்காது, அது முகவரி தேடும் வேலையை மட்டும் செய்கிறது. விண்டோஸ் 20 சதவீத நெட்டைப் பதுக்கி வைக்கிறது என்ற கதை பல வருடமாகச் சுற்றுகிறது, உண்மையில்லை. ரெஜிஸ்ட்ரியில் டிசிபி எண்களை மாற்றச் சொல்லும் வீடியோக்களும் வீண், இந்த கேம்களின் ஆட்டப் பாக்கெட்டுகள் டிசிபியில் அல்ல, யூடிபி என்ற வேறு முறையில் போகின்றன. பிங் குறைக்கும் செயலிகளும் விபிஎன்னும் உங்கள் நெட் கம்பெனி பாக்கெட்டைச் சுற்றி வளைத்து அனுப்பும்போது மட்டும் உதவலாம். தூரத்தை யாராலும் சுருக்க முடியாது: கண்ணாடி இழையில் போய்வர 100 கிலோமீட்டருக்குச் சுமார் 1 மில்லிசெகண்ட். சென்னையிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம், எனவே சென்னையிலிருந்து வேலரண்டின் மும்பை சர்வருக்கு 10க்குக் கீழே போகவே போகாது. இழை வளைந்து வளைந்து போவதால் 20, 30 வருவது நல்ல எண். கவுன்டர் ஸ்ட்ரைக் 2க்குச் சென்னையிலேயே சர்வர் இருப்பதால் அதில் ஒற்றை இலக்கம் பார்க்கும் சென்னைக்காரர்கள் வேலரண்டில் அதை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

கேபிளில் ஆடி, வீட்டில் யாரும் ஏற்றாத நேரத்திலும் இரவு பிங் எகிறினால்தான் கம்பெனிக்குப் போன். போன் போடுவதற்கு முன் வின்எம்டிஆர் செயலியை (வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டருக்கும் பிங்கையும் லாஸையும் காட்டுவது) பதினைந்து நிமிடம் ஓடவிட்டுப் படம் பிடித்துக்கொள்ளுங்கள், காலையில் ஒன்று, இரவு ஒன்று. படிக்கும்போது ஒரு எச்சரிக்கை: நடுவில் ஒரு இடத்தில் (ஹாப்) 60 சதவீத லாஸ் காட்டி அதற்குப் பிறகு எல்லாம் பூஜ்யம் என்றால் அது கோளாறு இல்லை, அந்த ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்லச் சோம்பல்படுகிறது. ஒரு இடத்தில் தொடங்கி கடைசி வரி வரை லாஸ் நீடித்தால்தான் அந்த இடம் பழுது. கூடவே உங்கள் ஃபைபர் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆப்டிகல் ரிசீவ் பவர் (வந்து சேரும் ஒளியின் அளவு) எவ்வளவு என்று பாருங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் வரை நிம்மதி, மைனஸ் 27ஐத் தொட்டால் ஒளி வற்றுகிறது: எங்கோ இழை மடங்கியிருக்கிறது அல்லது இணைப்பில் அழுக்கு. கால் சென்டரில் “ஸ்பீட் வருதா சார்?” என்று கேட்டு, வருகிறது என்றால் புகாரை மூடிவிடுவார்கள். “ஸ்பீட் வருது, ரிசீவ் பவர் மைனஸ் 28 காட்டுது, ரெண்டாவது ஹாப்லேர்ந்து கடைசி வரைக்கும் 4 சதவீதம் லாஸ் இருக்கு, லைன்மேனை அனுப்புங்க” என்று உங்கள் படத்தில் உள்ள எண்களோடு சொல்லுங்கள்.