இறங்குவது ஆண், ஏறுவது பெண்ணா?

கேள்வி: சீனாவை ஆண்ட மஞ்சுக்களின் மொழியில் அப்பா 'அமா', அம்மா 'எமெ', ஆண் 'ஹஹா', பெண் 'ஹெஹெ' என்று படித்தேன். உயிரெழுத்துக்கே பால் பிரித்துவிட்டார்களா?
— ஒரு வாசகி, தென்காசி

பதில்: இப்படி இன்னும் சில ஜோடிகளைக் காட்டுவார்கள். மயங்கிவிடாதீர்கள். அதே மொழியில் 'வசிம்பி' என்றால் இறங்குவது, 'வெசிம்பி' என்றால் ஏறுவது. இறக்கத்தை ஆணுக்கும் ஏற்றத்தைப் பெண்ணுக்கும் எழுதிவைத்தார்கள் என்றா சொல்வீர்கள்? மங்கோலிய இலக்கணத்தில் 'ஆண் உயிர்', 'பெண் உயிர்' என்ற பெயர்களே உண்டு. அவை பெயர்கள் மட்டும்தான்.

விஷயம் உயிர் ஒத்திசைவு. 'அ' ஒரு கட்சி, 'எ' எதிர்க்கட்சி. (இந்த 'எ' நம் எகரம் அல்ல, வாயைப் பாதி திறந்து, நடு நாக்கில் எழுப்பும் ஒலி.) ஒரே சொல்லுக்குள் இரண்டும் பொதுவாகச் சேர்ந்து உட்காரா. இறந்தகால விகுதியும் பகுதியின் பக்கமே சாயும்: எழுதியது 'அரஹா', போனது 'கெநெஹெ'.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இகரத்தின் கதை. அது எந்தக் கட்சியிலும் இல்லை, இருபுறமும் வரும். ஆனால் 'இலி' (நில்) என்பதற்கு இறந்தகாலம் 'இலிஹா'. 'பி' (இரு) என்பதற்கு 'பிஹெ'. இரண்டு பகுதிகளிலும் இகரம் மட்டுமே இருக்க, விகுதி ஏன் பிரிகிறது? முற்காலத்தில் அங்கே இகரங்கள் இரண்டு, கட்சிக்கு ஒன்றாக. மஞ்சுவில் அவை ஒன்றாகக் கலந்துவிட்டன. விகுதி மட்டும் பழைய கணக்கை விடவில்லை. இது வெறும் ஊகம் அல்ல. அமுர் ஆற்றங்கரையில் பேசப்படும் நானாயும் சைபீரியாவின் எவெனும் மஞ்சுவின் உறவுமொழிகள். இரண்டிலும் அந்த இரு இகரங்கள் தனித்தனியே இருக்கின்றன.

எழுத்தை நம்பினாலும் சிக்கல்தான். 1599இல் மஞ்சுக்களின் தலைவர் நூர்ஹாச்சியின் ஆணைப்படி மங்கோலிய எழுத்தை அப்படியே எடுத்துக்கொண்டபோது, பல இடங்களில் அகரத்துக்கும் எகரத்துக்கும் ஒரே வடிவம். 1632இல் தஹாய் என்ற அறிஞர் புள்ளியும் வட்டமும் சேர்த்த பிறகே குழப்பம் தீர்ந்தது.

மாற்றம் அத்துடன் நிற்கவில்லை. 1764இல் எல்லைக் காவலுக்காக மஞ்சூரியாவிலிருந்து வடமேற்குச் சீனாவின் இலி பள்ளத்தாக்குக்கு அனுப்பப்பட்டவர்கள் சிபெ மக்கள். மஞ்சுவுக்கு மிக நெருக்கமான அவர்களின் பேச்சில், பின்னால் வரும் இகரம் முன்னுள்ள உயிரைத் தன் பக்கம் இழுக்கிறது. குதிரைக்கு எழுத்து மஞ்சுவில் 'மொரின்'. சிபெக்காரர் அந்த ஒகரத்தை, உதட்டைக் குவித்தபடியே நம் எகரம் சொல்வதுபோல ஒலிப்பார். நீங்களும் சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்புதான் வரும்.