மாமன் கொடுத்த காந்த உருண்டை

ஒன்றரை வயதுப் பையனுக்குக் காதுகுத்துச் சீரோடு உங்கள் அண்ணன் காந்த உருண்டை டப்பா ஒன்றும் கொடுத்திருக்கிறார், வேண்டாமென்றால் மனசு நோகுமே என்று கேட்டிருக்கிறீர்கள். நோகட்டும்ங்க, முதலில் அதை வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். இரண்டு உருண்டைகள் வயிற்றுக்குள் போனால், குடலின் மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். நசுங்கிய இடத்தில் குடல் ஓட்டையாகிவிடும். முழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள், வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அண்ணனிடம் நீங்களே பேசுங்கள். வீட்டுக்காரர் பேசினால் மாப்பிள்ளை சீரைக் குறை சொன்னார் என்று அந்தியூர் வரைக்கும் போய்விடும்! “இவன் கண்டதையும் வாயில் போடுகிறான் அண்ணா, பதிலுக்கு ஒரு நடைவண்டி வாங்கிக் கொடு” என்று உரிமையோடு கேளுங்கள். எங்கள் அம்முச்சி சந்தையில் வாங்கி வந்த பட்டன் பேட்டரி பொம்மைக்கு இப்படித்தான் செய்தேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், அப்புறம் நடைவண்டியை அவரே தள்ளிக்கொண்டு திரிந்தார்.

அப்படியே ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கச் சொல்லுங்கள். 2021 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.